முதல் கிளாஸ்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. காத்தான்குடித் தெருவில் சர்பத்துக் கடை வைத்திருந்த ஒருவர், வலது காலின் பெருவிரலில் ஆறாத புண்ணோடு எங்கள் டிஸ்பென்சரிக்கு வந்தார். செருப்புக் கடித்த புண் என்றார்.
2. டொக்டர் ஐயா புண்ணைப் பார்த்தார். பிறகு சலம், சிறுநீர்தான், எடுத்துத் தரச் சொன்னார்.
3. நான் அதில் சில துளிகளை நீல மருந்துநீரில் விட்டுச் சூடாக்கினேன். கண்ணாடிக் குழாயில் நீலம் மறைந்து, செங்கல் நிறம் அடியில் இறங்கியது.
4. சலரோகம், நீரிழிவு, என்று டொக்டர் ஐயா சொன்னார். இனிச் சீனி வாயில் படக்கூடாது. பட்டால் புண் ஆறாது. புண் ஆறாவிட்டால் கால் போகும் என்றார்.
5. மறுநாள் அவருடைய கடை திறக்கவில்லை.
6. அதற்கு அடுத்த நாள் திறந்தது. தட்டில் வரிசையாக நிற்கும் சிவப்புப் போத்தல்கள் ஒன்றும் இல்லை. ஒரு மண்பானை மட்டும் இருந்தது. பானைக்குள் இருந்தது பச்சையாக இருந்தது.

ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இடையில் என்ன நடந்தது என்பது விளங்க, அவருடைய ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. தெருவில் போகிற முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் அவர் சர்பத்துக் காக்கா. அண்ணன் என்ற பொருளில் நானும் காக்கா என்றே கூப்பிட்டேன். கொழும்பில் மருந்து கலக்கப் படித்துவிட்டு வேலைக்கு வந்த முதல் வருடம் அது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம். எங்கள் டிஸ்பென்சரிக்கு நேர் எதிரே அவர் மனைவியின் வீட்டு வளவு. வேலியை ஒட்டிக் கடை. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸும் நெல் ஏற்றிய மாட்டுக் கரத்தைகளும் அங்கே நின்றுதான் போகும். எருமைப்பால், ரோசாப்பூ வாசத்தில் காய்ச்சிய சிவப்புப் பாகு, ஊறிப் பருத்த கசகசா, அதாவது திருநீற்றுப்பச்சை விதை, இவ்வளவும் சேர்ந்ததுதான் அவருடைய சர்பத்து. அதைக் குடிக்கவென்றே நெல்லைச் சுற்றுவழியில் கொண்டுபோன கரத்தைக்காரர் ஒருவர் இருந்தார். இந்தக் கதையில் அவரும் வருவார்.

பழக்கம் இதுதான். ஒவ்வொரு புதுப் பானைக்கும் முதல் கிளாஸ் காக்காவுடையது. கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். பிஸ்மி சொல்வார். கடைசிச் சொட்டுவரை நின்றபடி குடிப்பார். துவாய் நுனியால் மீசையைத் துடைத்துவிட்டு, பிறகுதான் கடைமுன் நீள்பலகை வாங்கிலில் இருப்பவர்களைப் பார்த்து, "ஆருக்கு?" என்று கேட்பார். அந்தச் சொல் வரும்வரை எவருக்கும் ஒரு சொட்டும் கிடையாது. பஸ் சாரதி ஹோர்னை அடித்து, கடைசியில் சனத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டதையும் நான் கண்டிருக்கிறேன். காக்கா பாதிக் கிளாஸில் இருந்தார். அவர் வேகமாகக் குடிக்கவில்லை.

ஒருநாள் முதல் கிளாஸைக் குடித்து முடித்தவர், பானையைத் தூக்கி வேலியடி முருங்கைக்கு ஊற்றிவிட்டார்.

"என்ன காக்கா செய்யிறாய்? வாசம் நல்லாத்தானே வந்தது" என்றார் கரத்தைக்காரர்.

"பாலில புகை பிடிச்சிட்டு."

"எனக்குப் புகையும் நல்லம்தான்."

"ஒனக்கு நல்லம். எனக்கு நல்லமில்ல. மறுகா வா."

நோன்பு மாதத்தில் பகலில் கடை கிடையாது. தமிழாக்களுக்காவது திறக்கலாமே என்று கேட்டவர்களுக்கு, முதல் கிளாஸ் குடிக்க ஆள் இல்லை என்று பதில் வரும். நோன்பு திறந்தபின் விளக்கைக் கொளுத்திக்கொண்டு கடை போடுவார்.

ஏன் இப்படி என்று நான் கேட்டேன். எதற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள்.

"நான் குடிக்காத சாமான நான் விக்கிறல்ல, தங்கச்சி. அதுதான்."

அவர் மனைவியிடமும் கேட்டேன். நான் ராத்தா என்று அழைத்த அந்த அம்மா, சுளகில் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "கலியாணத்தண்டு மாப்பிள்ளயே அடுப்படிக்கு வந்து, விருந்துக்கு ஆக்கின ஆணத்த ருசி பாத்த மனிசன்கா இவர். எங்கட உம்மா வெக்கத்தில அறைக்குள்ள போய்ப் பூந்திட்டா. இவரென்னெண்டா உப்புக் காணாது எண்டிட்டுப் போறார்."

இனி, ஐந்தாவதில் சொன்ன அந்த நாள்.

சீனி வாயில் படக்கூடாது என்றால் முதல் கிளாஸ் இல்லை. முதல் கிளாஸ் இல்லையென்றால் சர்பத்து இல்லை. வேறு எவராக இருந்தாலும் பழக்கத்தை விட்டிருப்பார்கள். காக்கா சர்பத்தை விட்டார். அன்று முழுவதும் அவர் அடுப்படியில் இருந்தார் என்று ராத்தா சொன்னார். வல்லாரையை அரைத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார், துப்பினார். பொன்னாங்காணியைச் சேர்த்தார். இஞ்சி வைத்தார். இளநீர் வழுக்கையை அம்மியில் மசித்து அதில் கலந்தபோது நுரை வந்தது. நுரை வந்ததும் அவர் முகம் மாறிற்றாம். குடிக்கிறவனுக்குக் கிளாஸில் நுரை வேண்டும் என்பது அவர் கொள்கை. கசப்பு ஒன்றுதான் மிச்சம். அதற்கும் பின்னேரம் ஒரு வழி கண்டுபிடித்தார்.

அடுத்த நாள் காலை அவர் பச்சைக் கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்தார். மேலே கசகசா விதை மிதந்தது. குடித்தார். துடைத்தார். "ஆருக்கு?" என்றார்.

வாங்கிலில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இது என்ன காக்கா, ஆட்டுக்குப் போடுற குழையா?" என்றார் கரத்தைக்காரர்.

"ஆடு ஒன்னவிட நல்லா நடக்குது. குடி."

"என்ட மாட்டுக்கு வேணுமெண்டாக் குடு. அதுதான் பச்சை கண்டு கன நாள்."

சிரித்துக்கொண்டே அவர் வாங்கிக் குடித்தார். மற்றவர்களில் பாதிப்பேர் எழுந்து போனார்கள். போனவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொரு சர்பத்துக் கடை இருந்தது.

கிழமைக்கு ஒருமுறை காக்கா சலப் போத்தலோடு என்னிடம் வருவார். சூடாக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பார். நிறங்களின் ஒழுங்கை நான் அவருக்குச் சொல்லியிருந்தேன். சீனி இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. கூடக்கூட மஞ்சள், செம்மஞ்சள், கடைசியில் செங்கல். ஒவ்வொரு கிழமையும் செங்கல்தான் இறங்கியது. புண் சிறுக்கவில்லை. விரலின் நுனி கறுக்கத் தொடங்கியிருந்தது.

"ஒளிச்சு ஒளிச்சுத் தின்னுறாய் போல" என்றார் டொக்டர் ஐயா.

காக்கா எழுந்தார். வெளியே வந்து என் சன்னலடியில் நின்றார். "ஒரு மணி சீனி வாயில வச்சிருந்தா இந்தக் கால் இப்பவே போகட்டும், தங்கச்சி" என்றார். குரல் உயரவில்லை.

நான் அவரை நம்பினேன். நம்பினால் மட்டும் போதாது. செங்கல் நிறத்துக்குக் காரணம் எங்கேயோ இருக்க வேண்டும். தெருவைக் கடந்து போய், பானைக்குள் என்னென்ன போகிறது என்று கேட்டேன். அவர் விரல் மடித்துச் சொன்னார்: வல்லாரை, பொன்னாங்காணி, இஞ்சி, இளநீர் வழுக்கை, ஒரு சிட்டிகை உப்பு.

"கசப்புக்கு?"

"தேன்."

"எவ்வளவு?"

"கிளாசுக்கு ஒரு அகப்பை. நல்ல காட்டுத் தேன். தேன் மருந்துதானே."

சீனி என்ற சொல்லுக்கு அவர் வைத்திருந்த அர்த்தம், கடையில் கடதாசிச் சுருளில் வரும் வெள்ளைச் சீனி. அதை அவர் தொடவே இல்லை. தேனும் சீனிதான் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. "காட்டுங்க" என்றார். காட்டுகிறேன் என்றேன்.

அடுத்த நாள் ஒரு சுருளில் சீனியும் ஒரு போத்தலில் தேனும் கொண்டு வந்தார். கரத்தைக்காரரும் வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தார். இரண்டு குழாய்களில் நீல மருந்துநீர் எடுத்தேன். ஒன்றில் சீனித் தண்ணீர், மற்றதில் தேன் தண்ணீர். இரண்டையும் சூடாக்கினேன். தேன் விட்ட குழாய் உடனே செங்கல் நிறமானது. சீனி விட்ட குழாய் நீலமாகவே நின்றது.

கரத்தைக்காரர் கைதட்டினார். "காக்கா, ஒன்ட சீனி தப்பிட்டு. சிவப்புப் போத்தல வெளியால எடு."

காக்கா சிரிக்கவில்லை. நீலக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். கடையில் பாதி வாங்கில் வெறுமையாகிவிட்டது. மகளுக்குக் கட்டத் தொடங்கிய வீடு சுவரோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் பேச முடியாது. சீனி நல்லது என்று என் குழாயே சொல்கிறது. அவர் எழுந்து போய்ப் பழைய பாகைக் காய்ச்சியிருக்கலாம்.

"இரிங்க காக்கா. இன்னும் முடியல்ல" என்றேன்.

வேறொரு குழாயில் அதே சீனித் தண்ணீரை எடுத்து, இரண்டு துளி அமிலம் விட்டுக் கொதிக்க வைத்தேன். பிறகு அமிலம் முறியும் அளவுக்குச் சோடா போட்டேன். அதன் பின்னர் நீலத்தில் விட்டுச் சூடாக்கினேன். முதலில் பச்சை வந்தது. பிறகு மஞ்சள். பிறகு செங்கல், தேன் குழாயில் இருந்த அதே செங்கல், அடியில் இறங்கியது. வெள்ளைச் சீனி முழுசாக இருக்கும்போது இந்த மருந்துநீருக்கு அது தெரிவதில்லை, உடைந்தால்தான் தெரியும், வயிற்றுக்குள் போனால் அது உடையும் என்று விளக்கினேன்.

அவர் இரண்டு செங்கல் குழாய்களையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப உள்ளுக்குப் போனாப் புறகு ரெண்டும் ஒண்டு."

"ஓம் காக்கா."

"பனங்கட்டி?"

"அதுவும் அதுதான்."

தேன் போத்தலை என் மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். "இத நீங்க வச்சுக்கொள்ளுங்க. நான் குடிக்காத சாமான் வீட்டில இருக்கேலா."

விரலைக் காப்பாற்ற நேரம் பிந்திவிட்டது. மட்டக்களப்பு ஆசுபத்திரியில் அதை எடுத்தார்கள். திரும்பி வந்தவரின் காலைக் கரத்தைக்காரர் குனிந்து பார்த்தார். "ஒம்பது கெடக்குதானே. கடையில நிக்க அது காணும்" என்றார் காக்கா.

தேன் இல்லாமல் கசப்பு திரும்பி வந்தது. இம்முறை அடுப்படியில் நானும் இருந்தேன். சேர்த்தது, விட்டது, வந்த ருசி எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தேன். கடைசியில் நின்றது இதுதான். வல்லாரையும் பொன்னாங்காணியும் சரிபாதி. உப்புத் தண்ணீரில் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இஞ்சியும் நாலைந்து கறிவேப்பிலையும் வைத்து அம்மியில் வெண்ணெய் போல அரைக்க வேண்டும். துணியில் பிழிந்து, சாற்றை எருமைத் தயிரில் விட்டு மத்தால் கடைய வேண்டும். தயிர் கசப்பை மூடியது, நுரையும் தந்தது. இளநீர் வழுக்கை கொஞ்சம். உப்பு. தேசிக்காய்ப் புளி விடலாம் என்று அவர் சொன்னார். புளி கூடினால் பச்சை சாம்பிப் பழுப்பாகிப் போகும் என்று நான் சொன்னேன். விட்டுப் பார்த்தார். சாம்பிப் போனது. தயிரிலேயே கொஞ்சம் புளி இருப்பதால், கடைந்ததைக் கனநேரம் வைக்கவும் முடியாது. ஆகவே காலையில் ஒரு பானை, மத்தியானம் ஒரு பானை, பின்னேரம் ஒரு பானை. மூன்று பானைக்கும் அரைத்தவர் ராத்தா. அவர் நகக்கண்களில் பச்சை ஏறி, பெருநாளைக்கும் போகவில்லை. அதைக் காக்கா கண்டாரா என்று எனக்குத் தெரியாது. கண்டதாக ஒரு நாளும் சொல்லவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. அமிர்தகழியில் மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குச் சனம் கூடும். வருடா வருடம் கோயில் தெருவில் காக்கா பந்தல் போடுவார். அன்றைய ஒரு நாள் விற்பனை சில மாதங்களுக்குக் காணும். அந்த வருடம் மகளுடைய வீட்டின் கூரை அதில்தான் இருந்தது. முதல்நாள் பின்னேரம் நான் போனபோது அடுப்படியில் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"ஒரு பானை சிவப்பும் கொண்டு போங்களன். நீங்க குடிக்கத் தேவல்ல. உங்கட தங்கச்சிட மகன் குடிச்சுப் பாப்பான்" என்றார் ராத்தா.

"அவன் குடிச்சா அவன்ட கடை."

"தீர்த்தத்துக்கு வாற சனம் முழுக்கச் சலரோகக்காரரா? அவங்களுக்கு என்ன வருத்தம்? எல்லாருக்கும் ஏன் நீங்க பத்தியம் புடிக்கிறீங்க?"

இது நியாயமான கேள்வி. எனக்கும் அதே கேள்வி இருந்தது. காக்கா காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்து முடிச்சுப் போட்டார்.

"எனக்கும் முந்தி ஒரு வருத்தமும் இல்ல" என்றார்.

ராத்தா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் காலில் சுற்றிய துணியைப் பார்த்தேன். அவர் எழுந்து போய் அடுத்த கட்டு வல்லாரையை அம்மிக்கு முன்னால் போட்டார்.

தீர்த்தத்தன்று என் ஊரான மண்டூர் ஆட்களோடு நானும் போயிருந்தேன். காக்காவின் பந்தலுக்கு அடுத்த பந்தலில் சிவப்புச் சர்பத்து ஓடியது. பிள்ளைகள் தாய்மாரை அந்தப் பக்கம் இழுத்தார்கள். காக்கா வெயிலில், ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்று, முதல் கிளாஸைக் குடித்து, "ஆருக்கு?" என்று கேட்டார். குளித்து ஈரச் சேலையோடு வந்த பெண்கள் சிலர் குடித்தார்கள். ஒருத்தி இரண்டாவதும் கேட்டாள். விரதக்காரர் ஒருவர், வயிறு குளிர்ந்தது என்றார். மற்றவர்கள் பானையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பின்னேரம் பானையில் பாதி மிச்சம். நிறமும் சாம்பிவிட்டது. அதை அவரே வாவிக்கரைக்குக் கொண்டுபோய் ஊற்றினார். கூரை அந்த வருடம் போடவில்லை.

அடுத்த நாள் காலையில் கடை திறந்திருந்தது.

அந்தக் கிழமை குழாயில் மஞ்சள் வந்தது. அதற்குப் பின் ஒரு நாள் பச்சை வந்தது. "என்ட பானத்தின்ட நிறத்துக்கு வந்திட்டு" என்று காக்கா குழாயை வாங்கிப் பார்த்தார். பச்சை என்றால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, நீலம்தான் சரி என்றேன். "நீலம் வாறமட்டும் வாறன்" என்றார். இலைச்சாறு சலரோகத்தை மாற்றியது என்று நான் எழுதவில்லை. அவர் சீனியை விட்டார், தேனை விட்டார், நாள் முழுக்கக் கிளாஸ் கிளாஸாகக் குடித்த பாகை விட்டார், சோற்றைக் குறைத்தார். எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழி இல்லை. புண் ஆறியது.

யுத்தம் வந்தது. சீனிக்குப் பங்கீட்டுக் கூப்பன் வந்தது. சர்பத்துக் கடைகளில் பாகு தண்ணீரானது. விட்டுப் போனவர்கள் காக்காவின் வாங்கிலுக்குத் திரும்பினார்கள்.

"யுத்தம் வரப்போகுதெண்டு ஒனக்கு மட்டும் ஆரு காக்கா சொன்ன?" என்று கேட்டார் கரத்தைக்காரர்.

"ஒன்ட மாடு."

அந்த நாட்களில்தான் மற்றச் சர்பத்துக் கடைக்காரர் வந்து, காக்காவின் கடைக்குரிய சீனியை எடுத்துத் தனக்குத் தரும்படி கேட்டார். நீ பாவிக்கமாட்டாய்தானே என்றார். பாவிக்காத சாமானுக்குக் கை நீட்டமாட்டன் என்று காக்கா சொல்லிவிட்டார். இரண்டு கடைக்கும் பேச்சு நின்றது. பள்ளியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று தொழுதும் பேசுவதில்லை என்று ராத்தா வருத்தப்பட்டார். ஒரு சுருள் சீனியில் ஒரு குடும்பம் தப்பியிருக்கும் என்றார். அவர் சொன்னதையும் நான் மறக்கவில்லை.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது.

யுத்தம் முடிந்து சீனி தாராளமாக வந்தபின், அண்மையில் ஒருநாள் காத்தான்குடிக்குப் போனேன். மற்றக் கடையில் சிவப்புப் போத்தல்கள் திரும்பவும் வரிசையாக நின்றன. அங்கே சனம் இருந்தது. காக்காவின் வாங்கிலில் நாலு பேர், ஒருவர் கரத்தைக்காரர். காக்காவின் தாடி நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் தலையாட்டினார். பேசவில்லை, ஏனென்றால் கையில் முதல் கிளாஸ் இருந்தது. வெளிச்சத்துக்குப் பிடித்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். துடைத்தார்.

"ஆருக்கு?"

"எனக்கு" என்றேன்.

போகுமுன் அவர் ஒரு சலப் போத்தல் தந்தார். டிஸ்பென்சரியில் இப்போது இருக்கும் பிள்ளையிடம் விளக்கையும் நீல மருந்துநீரையும் கேட்டு வாங்கி, நானே சூடாக்கினேன்.

இப்போதைய நிலை இது. கால் இருக்கிறது, ஒரு விரல் குறைவாக. மகளுடைய வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது. ஓடு இல்லை, தென்னங்கிடுகுதான். மற்றக் கடைக்காரரோடு இன்னும் பேச்சு இல்லை. குழாயில் நீலம் ஒரு தடவையும் வரவில்லை, பச்சையில் நிற்கிறது. கடை திறந்திருக்கிறது.